காலை 8 முதல் மாலை 5 வரை செயின்ட் மார்ட்டின்: எந்தக் கடற்கரை?

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் மயாமியிலிருந்து குரூஸ் கிளம்புகிறோம். நாங்கள் இருவர், 9 வயது மகள், 4 வயது மகன், கோவையிலிருந்து வந்திருக்கும் 68 வயது மாமியார். அவருக்கு மூட்டு வலி, சைவம். செயின்ட் மார்ட்டின் தீவில் கப்பல் காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கிறது. ஓர் ஆன்லைன் ஏஜென்ட் ஓரியன்ட் பே கடற்கரைக்கு ஆளுக்கு 79 டாலரில் டே பாஸ் தருவதாகச் சொல்கிறார். வண்டி, நாற்காலி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து. இரண்டு நாளில் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடுமாம். மகளோ தலைக்கு மேல் விமானம் இறங்கும் மஹோ பீச்சைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். எதற்குப் போகலாம்? (அட்லாண்டா வாசகி)

பதில்: இரண்டுக்கும் வேண்டாம். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்கு எதிரே தெரியும் கிரேட் பே கடற்கரைக்குப் போங்கள். ஏஜென்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடும். "அது துறைமுகத்துப் பக்கத்துப் பீச் ஆயிற்றே, அங்கே போகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்பார்கள். தனியாக வந்த இளம் தம்பதி கேட்டிருந்தால் நானும் வேறு பதில் சொல்லியிருப்பேன். நான்கு வயதுப் பையனையும் மூட்டு வலிக்காரரையும் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். உங்களுக்கு முதல் கணக்கு தூரம். அழகெல்லாம் அதற்குப் பிறகு.

தீவு சின்னது, மொத்தமே சுமார் 87 சதுர கிலோமீட்டர். 1648 முதல் அதைப் பிரெஞ்சுக்காரர்களும் டச்சுக்காரர்களும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வடக்கு பிரெஞ்சு, தெற்கு டச்சு. கப்பல்கள் நிற்பது தெற்கே, பிலிப்ஸ்பர்க் ஊருக்கு எதிரில். சின்னத் தீவுதானே, அரை மணியில் எங்கும் போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். ஆனால் சாலைகள் ஒற்றையடிப் பாதை மாதிரி. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரே நாளில் நாலைந்து கப்பல்கள் வந்து ஆயிரக்கணக்கானவர்களை இறக்கிவிடும். மேற்கே சிம்ப்சன் பே பக்கம் படகுகள் போக வழிவிட்டுப் பாலத்தைத் தூக்கினால் வண்டிகள் அப்படியே நிற்கும். காலையில் போகும்போது தெரியாது. மூன்று மணிக்குத் திரும்பும்போதுதான் தெரியும், அதுவும் பையன் பின் சீட்டில் அழ ஆரம்பித்த பிறகு.

அடுத்தது காற்று. டிசம்பர், ஜனவரியில் அந்தப் பக்கம் கிழக்கிலிருந்து காற்று பலமாக வீசும். 'கிறிஸ்துமஸ் காற்று' என்றே அங்கே பெயர். ஓரியன்ட் பே கிழக்கு பார்த்த கடற்கரை, அட்லான்டிக் நேராக வந்து மோதும் இடம். மேற்கே மஹோ, மல்லட் பே பக்கம் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பெரிய அலைகள் திடீரென எழும்பும். கிரேட் பே தெற்கு பார்த்து, இரண்டு பக்கமும் குன்று அணைக்க, குடா மாதிரி உள்ளே ஒதுங்கி இருக்கிறது. உங்கள் பையன் உட்கார்ந்து மண் கிளற அதுதான் இடம். முந்தின நாள் பெருமழை பெய்திருந்தால் மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள். ஊர்த் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அப்படியானால் பக்கத்துக் குன்றைத் தாண்டி லிட்டில் பே போய்விடலாம், டாக்ஸியில் கொஞ்ச தூரம்தான்.

ஓரியன்ட் பற்றி ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடற்கரையின் தென்கோடி உடையில்லாமல் குளிப்பவர்களுக்குப் பேர்போனது. மற்ற பகுதியிலும், பிரெஞ்சுப் பக்கம் என்பதால், மேலாடை இல்லாமல் படுத்திருப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அது அவர்கள் ஊர், அவர்கள் வழக்கம். தப்பு சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் மாமியாரையும் ஒன்பது வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறவர் 395 டாலர் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஆமாம், 395. ஐந்து பேருக்கு எழுபத்தொன்பது. நான்கு வயதுப் பையனுக்கும் முழுக் கட்டணமா என்று கேட்டீர்களா? இந்த டே பாஸ் வியாபாரத்தின் சூட்சுமம் இதுதான். அந்தத் தீவில் எந்தக் கடற்கரைக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. எல்லாம் பொதுக் கடற்கரை. நீங்கள் காசு கொடுப்பது வண்டிக்கும் நாற்காலிக்கும் சாப்பாட்டுக்கும்தான். உள்ளூர்க் கடைக்காரரிடம் குறைந்த விலைக்குப் பேசி வைத்து, நடுவில் இரண்டு கை மாறி, 'இன்னும் 4 இடங்களே மீதம்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பயத்தையும் சேர்த்து உங்களிடம் விற்கிறார்கள். கடல் எங்கே போகப் போகிறது, இடம் தீர்ந்துபோக?

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கப்பல் அன்றைக்கு அந்தத் துறைமுகத்துக்கு வராமல் போனால் முழுப் பணமும் திரும்ப வருமா? எழுதித் தருவீர்களா?" காற்று அதிகமானால் கேப்டன் ஒரு துறைமுகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். டிக்கெட்டோடு வரும் நீண்ட ஒப்பந்தத்தில் அந்த உரிமையை அவர்களுக்குக் கொடுத்துத்தான் நீங்கள் டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள், யாரும் படிப்பதில்லை. கப்பல் கம்பெனியே விற்கும் பயணம் என்றால் பணம் தானாகத் திரும்பி வரும். வெளி ஏஜென்ட் என்றால் மின்னஞ்சலுக்குப் பதில் வருவதே பெரிய விஷயம். (கப்பலுக்குள் விற்பதும் மலிவில்லை. அதே நாற்காலி, அதே குடை, விலை மட்டும் கப்பல் விலை.)

விசா பற்றியும் ஒரு வார்த்தை. மாமியாரிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கும். இறங்கும் இடம் டச்சு, ஓரியன்ட் பிரெஞ்சு. எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை, உண்மைதான். கேட்காமல் விடுவது அனுமதி ஆகிவிடாது. டச்சுப் பக்கத்துக்கு மட்டும் என்ன தேவை என்று கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா திரும்ப அவருடைய விசா ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதா என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். போனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், அதனால்தான் எழுத்தில் என்கிறேன்.

மஹோ விஷயம். உங்கள் பெண்ணின் ஆசை புரிகிறது; விமான ஓடுதளமும் மணலும் ஒரு சாலை அகலத்தில் ஒட்டி இருக்கும் இடம் உலகத்தில் அதிகம் இல்லை. ஆனால் அங்கே ஆபத்து விமானம் இறங்கும்போது இல்லை, கிளம்பும்போது. எஞ்சின் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், பெரியவர்களையே தள்ளிவிடும். 2017 ஜூலையில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற நியூசிலாந்துப் பெண் ஒருவர் அந்தக் காற்றில் தூக்கி வீசப்பட்டு இறந்துபோனார். எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதன் கீழேயே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். யூடியூபில் பார்த்த ஜம்போ விமானம் அங்கே இப்போது வருவதில்லை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். டச்சு விமான நிறுவனமான கே.எல்.எம். தன் 747 ஜம்போவை அந்தத் தீவுக்கு அனுப்புவதை 2016-லேயே நிறுத்திவிட்டது.

இப்போது நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள்.

கோடையில் போயிருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், மயாமி நேரமும் தீவு நேரமும் ஒன்றாகவே இருக்கும். நீங்கள் போவது டிசம்பர். அப்போது தீவு மயாமியை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றும்? சில கப்பல்கள் தீவு நேரத்துக்கு மாறிக்கொள்ளும், சில மயாமி நேரத்திலேயே இருக்கும். முந்தின இரவு அறிவிப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பஃபே வரிசையில் நிற்பீர்கள்.

கப்பல் தீவு நேரத்துக்கு மாறிவிட்டது என்று வையுங்கள். உங்கள் போன் ரோமிங் செலவுக்குப் பயந்து ஏர்பிளேன் மோடில் இருக்கிறது. அது இன்னும் மயாமி நேரத்தையே காட்டும். நாலரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். போனில் மூன்றரை. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, பையன் இன்னொரு முறை குளிக்கட்டும் என்பீர்கள். உண்மையில் அப்போது மணி நாலரை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் ஈரத் துண்டோடு துறைமுகப் பாலம் முழுக்க ஓடி, ஏணியை இழுக்கும்போது போய்ச் சேர்ந்தது. தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு விமானம் பிடிப்பது உங்கள் செலவு, தலைவலியும் உங்களுடையது. கப்பல் கம்பெனியே விற்ற பயணத்தில் போயிருந்தால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது.

கப்பல் மயாமி நேரத்திலேயே இருந்து, உங்கள் போன் உள்ளூர் டவரைப் பிடித்துத் தீவு நேரம் காட்டினால் பாதகமில்லை, ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவீர்கள். ஆனால் அதிலும் ஒரு பொறி. வெளி ஏஜென்ட் "காலை 9 மணிக்கு வண்டி நிற்கும்" என்றால் அது தீவு நேரம். கப்பல் கணக்கில் அது காலை 8, அப்போதுதான் கப்பல் கரையைத் தொடவே தொடும். நீங்கள் இறங்குவதற்குள் வண்டி போய்விடும், வராதவர்களுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வழி எளிது. பத்து டாலர் கைக்கடிகாரம் ஒன்று வாங்குங்கள். காலையில் இறங்கும்போது கப்பல் ஊழியரிடம் மணி கேட்டு, அதன்படி வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அதை மட்டும் பாருங்கள். மாமியாரின் கடிகாரம் இன்னும் இந்திய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து அறையிலேயே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள்.

சரி, அன்றைய நாள். எட்டரைக்கெல்லாம் இறங்கிவிடுங்கள், பாதிப் பேர் அப்போது இன்னும் இட்டிலிக்கு ஏங்கியபடி பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கப்பலிலிருந்து வாசல் வரைக்குமே நீளமான நடை, மாமியாரை அவசரப்படுத்தாதீர்கள். வெளியே வந்ததும் ஊருக்குப் படகு உண்டு, வாட்டர் டாக்ஸி என்பார்கள். சில டாலர்தான், ஊர் நடுவில் கொண்டுபோய் விடும். படகில் ஏறி இறங்க அவருக்குக் கஷ்டம் என்றால் கார் டாக்ஸி. மீட்டர் கிடையாது, ஊருக்கு ஊர் இவ்வளவு என்று அரசாங்கம் வைத்த கட்டணம். ஏறுவதற்கு முன் "ஐந்து பேருக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எந்த நாணயத்தில்?" என்று கேளுங்கள். "எந்த நாணயத்தில்" என்பது வேடிக்கையில்லை. தீவில் ஓடுவது அமெரிக்க டாலர் என்றாலும், டச்சுப் பக்கத்துக்கு 2025 முதல் கரீபியன் கில்டர் என்று புது நாணயமும் உண்டு. ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாக எடுத்துப் போங்கள்.

கடற்கரை ஓரமாகவே சமதளமான நடைபாதை ஊர் நீளத்துக்கும் இருக்கிறது. மாமியார் மணலில் கால் வைக்காமலே கடலைப் பார்த்து உட்காரலாம். இரண்டு நாற்காலி, ஒரு குடை சேர்த்து 20 முதல் 30 டாலர் சொல்வார்கள். இரண்டு செட் எடுங்கள், ஒன்பது மணிக்குக் கேட்டால் குறைப்பார்கள், பதினொன்றுக்குக் கேட்டால் சிரிப்பார்கள். எடுப்பதற்கு முன் அந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இலவசமாகத் தரும் ரம் பஞ்ச் (ரம் மது கலந்த பழச்சாறு) உங்களுக்குத் தேவையில்லை, அதற்குப் பதில் தண்ணீர் பாட்டில் கேளுங்கள்.

மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். ஆமாம், ஒரு மணிக்கே. கப்பலில் சாப்பாட்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்கள், மாமியாருக்குச் சைவமும் அங்கே நிச்சயம். எல்லோரும் கரையில் இருப்பதால் கப்பலின் நீச்சல் குளம் காலியாக இருக்கும். உங்கள் பெண்ணுக்கு மஹோ போகாத குறை அங்கே பாதி தீரும்.

முன்னதாகப் பசித்தால் மூடிய பிஸ்கட் பாக்கெட்டுகள் போதும். கப்பல் பஃபேயிலிருந்து பழம், சாதம் கட்டிக்கொண்டு இறங்க விடமாட்டார்கள். ஊரின் கடைத்தெருவான ஃப்ரண்ட் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர்களில் இந்தியர்கள் பலர். இந்தி பேசிக் கூப்பிடுவார்கள், மாமியார் மகிழ்ந்துபோவார். மகிழட்டும், வைரம் வேண்டாம். கப்பலில் தரும் 'பரிந்துரைத்த கடைகள்' பட்டியல், அதில் இடம்பெறக் கடைகள் பணம் கட்டுவதால் வருவது. தெருவில் "சுரண்டிப் பாருங்கள், பரிசு" என்று அட்டை நீட்டுகிறவர்கள் டைம்ஷேர், அதாவது விடுமுறை விடுதியில் வருடத்தில் சில நாள் தங்கும் உரிமை, விற்கிறவர்கள். பரிசு எப்போதும் விழும். அதை வாங்கப் போனால் உங்கள் மதியம் அவர்கள் அலுவலகத்தில் கழியும்.

பையன் விஷயத்தில் ஒன்றே ஒன்று. அந்தக் கடற்கரைகளில் மான்சினீல் என்று ஒரு மரம் உண்டு, சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய். கடித்தால் வாய், தொண்டை வெந்துபோகும். மழையில் அதன் கீழ் நின்றால் சொட்டும் தண்ணீர் பட்டே தோல் கொப்பளிக்கும். சில இடங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா மரத்துக்கும் அல்ல. கீழே கிடக்கும் எந்தக் காயையும் தொடக்கூடாது என்று கப்பலிலிருந்து இறங்கும் முன்பே சொல்லி வையுங்கள். நிழலுக்கு வாடகைக் குடை போதும்.

பாஸ்போர்ட்டுகளின் நகலும், கப்பல் அட்டையில் அச்சடித்திருக்கும் துறைமுக முகவரின் (கப்பல் கம்பெனியின் உள்ளூர்ப் பிரதிநிதி) தொலைபேசி எண்ணின் போட்டோவும் இரண்டு போன்களிலும் இருக்கட்டும். அட்டையில் எண் இல்லையென்றால் தினசரி நிகழ்ச்சித் தாளில் இருக்கும்.