மாதிரி ரயில்: கேட்டால் சொல்கிறோம்

கேள்வி: எச்ஓ அளவு (1:87, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) டீசல் எஞ்சினை ஈராண்டாக ஸ்டோர் ரூமில் வைத்திருந்தேன். இப்போது மின்சாரம் கொடுத்தால் உறுமுகிறது, நகரவில்லை. எண்ணெய் விட்டும் பயனில்லை. - தெம்பனிஸ் வாசகர்

பதில்: முதலில் கன்ட்ரோலரைத் திருகுவதை நிறுத்துங்கள். சுற்ற முடியாத மோட்டார் மின்னோட்டத்தை அளவுக்கு மீறி இழுக்கும். டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் டிகோடர் சில்லு இருந்தால் அதுவும் கருகும்.

பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப் பற்சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே எண்ணெய் ஊற்றுவது அழுக்கைக் கரைத்து உள்ளேயே விடும் வேலை. கூட்டைக் கழற்றி, சக்கரத் தொகுதியின் அடிமூடியைப் பிரியுங்கள். கொக்கிகள் மெல்லியவை, நெம்பும்போது நிதானம் வேண்டும். சக்கரங்களையும் பற்சக்கரங்களையும் எடுக்குமுன் எது எந்தப் பக்கம் என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல் இடுக்குகளை மரப் பல்குச்சியால் சுரண்டி, பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஈரம் முழுக்கக் காய்ந்தபின் பூட்டுங்கள்.

மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் திருகுப் பல், அதாவது வார்ம், ஒவ்வொன்றிலும் கடுகளவு கிரீஸ் போதும். மோட்டாரின் இரு முனை பேரிங்கிலும் ஊசிமுனையால் தொட்டுவைக்கும் எண்ணெய் போதும். முழுச் சொட்டே அதிகம். மிஞ்சிய எண்ணெய், மோட்டாரின் சுழலும் சுருள்களுக்கு மின்சாரம் கடத்தும் செம்புத் துண்டுகளான கம்யூட்டேட்டருக்குள் ஊர்ந்து, கார்பன் பிரஷ் தூளோடு குழைந்து, இடுக்குகளை அடைத்து ஷார்ட் ஆக்கும். காய்ந்த மோட்டாரைவிட எண்ணெயில் ஊறிய மோட்டாரைக் காப்பாற்றுவதுதான் கடினம். சக்கரத்தின் ரப்பர் வளையத்தில் பட்டால் அது உப்பிக் கழன்றுவரும்.

பூட்டியபின் பாரமில்லாமல், பாதி வேகத்தில், முன்னும் பின்னுமாகக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். இனி ஸ்டோர் ரூம் வேண்டாம். நம் சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்துக்கு, கேமரா வைக்கும் ஈரம் நீக்கும் அலமாரியில் 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்.

கேள்வி: எஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் விடலாமா? - பிடோக் வாசகி

பதில்: தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும், சமையலறை எண்ணெய் எதுவாயினும் நாளடைவில் பிசினாகும். தையல் இயந்திர எண்ணெய் உலோகத்துக்குச் சரி, ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் ஒத்துவராது. பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது என்று புட்டியில் எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

கேள்வி: ஓடும்போது சீராக ‘டக்... டக்...’ என்கிறது. எங்கே கிரீஸ் வைப்பது? - ஈசூன் வாசகர்

பதில்: எங்கும் வேண்டாம். ‘கிரீச்’ என்றால்தான் பேரிங் காய்ந்திருக்கிறது என்று பொருள். மெதுவாக ஓட்டி, இரண்டு ‘டக்’குக்கு இடையே எஞ்சின் நகரும் தூரத்தை அளவுகோலால் பாருங்கள். பெரும்பாலான அமெரிக்க டீசல்களின் சக்கரம் 40 அங்குலம். 1:87இல் சுற்றளவு ஏறக்குறைய 37 மில்லிமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒருமுறை சத்தம் வந்தால் அச்சில் இறுக்கிய பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிசல் விட்டிருக்கக்கூடும். விரிசலில் இரு பல்லுக்கு இடையே உள்ள இடைவெளி அகன்று, சுற்றுக்கு ஒருமுறை தட்டும். பசை நிற்காது. அச்சுப் பற்சக்கரத்தை மாற்றி, சக்கரங்களின் இடைவெளியைக் கேஜ் என்னும் அளவுக் கருவியை வைத்துச் சரிபார்த்த பிறகே தண்டவாளத்தில் ஏற்றுங்கள்.