பழைய புரோகிராம் கோடு, புது போர்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் உலைக் கன்ட்ரோலரில் வெப்பநிலை மாட்யூல் ஏ.வி.ஆர். என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் 10 பிட் ஏ.டி.சி.யில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) சிக்கலின்றி ஓடியது. ரீடிங்கை 25-ஆல் பெருக்கி 32-ஆல் வகுப்போம். மாறிகள் எல்லாம் இன்ட் (முழு எண் வகை). புது போர்டில் அதே சிப், வெளியே எம்.சி.பி. 3208 என்ற 12 பிட் ஏ.டி.சி. வகுக்கும் எண்ணை மட்டும் 128 ஆக்கினோம். இப்போது 255 டிகிரி வரை ஒழுங்காக ஏறி, சட்டென்று மைனஸ் 255 காட்டுகிறது. ஏன்?
– வாசகர், ஓசூர்

பதில்: 255 என்பது 8 பிட்டின் உச்ச எண், அதைப் பார்த்ததும் 8 பிட் கோளாறு என்று தேடத் தோன்றும், அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏ.வி.ஆரில் இன்ட் 16 பிட், 32,767-க்கு மேல் கொள்ளாது. பழைய ஏ.டி.சி.யின் உச்ச ரீடிங் 1023. அதை 25-ஆல் பெருக்கினாலும் 25,575தான். புதியது 4095 வரை போகும். 1310 வரை தப்பிக்கும் (32,750). 1311 வந்ததும் 32,775. கொள்ளளவு மீறுவதால் (ஓவர்ஃப்ளோ) அதில் 65,536 குறைந்து மைனஸ் 32,761 ஆகிவிடுகிறது. 128-ஆல் வகுத்தால் நீங்கள் பார்க்கும் மைனஸ் 255.

பெருக்குவதற்கு முன்பே ரீடிங்கை 32 பிட்டுக்கு மாற்றுங்கள். விடையை 32 பிட் மாறியில் வாங்கினால் மட்டும் போதாது. பெருக்கல் அதற்குள் 16 பிட்டில் முடிந்திருக்கும். பி.சி.யில் சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டாது, அங்கே இன்ட் 32 பிட்.

இதே வகைப் பிழையில்தான் 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் குரூவில் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம் முடிந்தது. ராக்கெட்டின் நிலையைக் கணிக்கும் மென்பொருள் ஏரியன் 4-லிருந்து வந்தது. ஏரியன் 5-இன் கிடைமட்ட வேகம் சீக்கிரமே கூடியதால், 64 பிட் மதிப்பு ஒன்று 16 பிட்டில் அடங்கவில்லை. மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள், அதுவும் நின்றது. சுமார் 40 வினாடியில் ராக்கெட் சிதறியது. வேதனை என்னவென்றால், ஏரியன் 5 தரையை விட்டபின் அந்தக் கணக்கே தேவையில்லை.

மாட்யூலின் ஹெடர் ஃபைலிலேயே உள்ளீட்டு வரம்பு, இன்ட் அகலம், எத்தனை மில்லி வினாடிக்கு ஒருமுறை அழைக்கலாம், இன்டரப்டிலிருந்து (ஓடும் வேலையை இடைமறித்து ஓடும் கோடு) அழைக்கலாமா என்பதை எழுதிவையுங்கள். இவை இல்லாத கோடை மறுபயன்பாட்டுக்கு எடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: இதைக் கணித முறையில் முன்கூட்டியே பிடிக்க முடியுமா? நாங்கள் சின்ன நிறுவனம்.
– வாசகர், கோவை

பதில்: முடியும். சி மொழிக் கோடை நேரடியாகச் சரிபார்க்கும் சி.பி.எம்.சி. என்ற மென்பொருள் கருவி இலவசம். முழு ஃபர்ம்வேரையும் கொடுக்காமல் அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் எடுங்கள். ரீடிங்கை எந்த மதிப்பும் வரலாம் என்று விட்டு, 0 முதல் 4095 வரை என அனுமானம் கொடுங்கள். விடை 0 முதல் 799 வரை இருக்க வேண்டும் என்று அசெர்ட் (கட்டாய நிபந்தனை) போடுங்கள். இன்ட் அகலத்தை 16 என அமைத்து ஓவர்ஃப்ளோ சோதனையை இயக்கினால், தவறவைக்கும் ரீடிங் ஒன்றையே காட்டிவிடும்.

பலர் சறுக்குவது அனுமானத்தில்தான். பழைய 0–1023 வரம்பு அப்படியே இருந்தால் பிழையுள்ள கோடும் தேறிவிடும். புது போர்டின் வரம்பை டேட்டாஷீட்டிலிருந்து எடுங்கள். லூப் இருந்தால் எத்தனை சுற்று விரிக்க வேண்டும் என்பதைச் சொல்லி, அது போதுமா என்ற சோதனையையும் சேர்த்து இயக்குங்கள்.

வேலை குறித்த நேரத்துக்குள் முடிகிறதா என்ற காலக்கெடுவை சி.பி.எம்.சி. பார்க்காது. அதற்கு உப்பால் என்ற கருவி பொருத்தம், ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். டாஸ்குகள் ஒன்றுக்கொன்று காத்து முடங்குமா என்பது மட்டும்தான் கவலை என்றால் ஸ்பின் என்ற கருவி போதும், அது இலவசம்.