ஹெட்போன் மேல் பழி போடாதீர்கள்
புது ஹெட்போனில் மெட்டாலிக்கா என்ற மெட்டல் இசைக்குழுவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பம் கேட்டால் பேஸ் கிட்டாரே (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார்) காதில் விழவில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். 1988இல் வந்த நாளிலிருந்தே அந்த ஆல்பம் அப்படித்தான்.

1986இல் ஸ்வீடனில் பஸ் விபத்தில் குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு அவர் இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். அவருடைய ஒலியைக் குறைக்கச் சொன்னது டிரம்மர் லார்ஸ் உல்ரிக்தான் என்று, தனித்தனிப் பதிவுகளைச் சேர்த்து மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்சனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். போதாக்குறைக்கு, ரிதம் கிட்டார் போகும் வழியிலேயே நியூஸ்டெட்டும் வாசித்ததால் மிச்சமும் அதில் கரைந்துவிட்டது. பாவம் மனுஷன்! ஒலியைச் செப்பனிட்டு வந்த 2018 ரீமாஸ்டர் பதிப்பிலும் இதைத் திருத்தவில்லை.

அதே குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில், பேஸ் தெளிவாகக் கேட்கும் 'ஓரியன்' போட்டுப் பாருங்கள். அதிலும் பேஸ் வரவில்லை என்றால் கடைக்குப் போங்கள்.