நவராத்திரி மண்டபமா, குதிரமாளிகையா? முதல்முறை கச்சேரிக்குப் போகும் ஐந்து பேருக்கு

கேள்வி: நாங்கள் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறோம். மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் தெரியும். வர்ணம் என்ற பயிற்சிப் பாட்டு வரை வந்து வகுப்பு நின்றுவிட்டது. ஒரு தோழி சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவள். மற்ற மூன்று பேருக்கும் சினிமாப் பாட்டுதான். நவராத்திரிக்குத் திருவனந்தபுரத்தில் நடக்கும் கச்சேரிக்குச் சேர்ந்து போகலாமா? டிக்கெட் உண்டா, என்ன உடுத்த வேண்டும், எங்களுக்குப் புரியுமா, ராத்திரி எப்படித் திரும்புவது? இதுவரை நாங்கள் யாரும் எந்த சங்கீத விழாவுக்கும் போனதில்லை.

பதில்: போகலாம். ஆனால் ஐந்து பேரும் சேர்ந்து கேட்கப்போகும் முதல் விழா, கிழக்கேகோட்டையில் அந்தக் கச்சேரி நடக்கும் நவராத்திரி மண்டபமாக இருக்க வேண்டாம் என்பேன். ஜனவரி வரை பொறுங்கள். அதே கிழக்கேகோட்டையில், அதே பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி, குதிரமாளிகை என்ற பழைய அரண்மனையின் முற்றத்தில் ஜனவரி 6 முதல் 13 வரை சுவாதி சங்கீதோத்சவம் நடக்கும். இரண்டுமே திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜாவின் பாட்டுகளைச் சுற்றி நடப்பவை. இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது. கேட்கிறவர்களிடம் எதிர்பார்ப்பதுதான் வேறு.

நவராத்திரி மண்டபத்தில் நடப்பது பூஜையின் ஒரு பகுதி. அங்கே கொலுவிருக்கும் சரஸ்வதி நம் பத்மநாபபுரத்துக்காரி. அங்கே அரண்மனைக்குள் இருக்கும் தேவாரக்கட்டு என்ற கோயிலில் இருந்து புறப்பட்டு, வேளிமலை குமாரகோயில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர, ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்ச் சேர்கிறாள். பாடுகிறவர் அவளுக்காகப் பாடுகிறார்; நாம் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதனால் கைதட்டல் கிடையாது. பாடகர்கள் மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே இடமும் குறைவு.

பாட்டுத் தேர்விலும் அங்கே சுதந்திரம் இல்லை. ஒன்பது நாளுக்கும் முக்கியக் கிருதி, அதாவது அன்றைய பெரிய பாட்டு, இன்னதென்று முன்பே விதித்தாயிற்று. முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. மாலை 6 மணிக்குத் தொடங்கி எட்டரை வரை நீளும் கச்சேரியில் அந்த ஒரு ராகத்துக்கே பெரும்பங்கு போகும். ஆலாபனை (வார்த்தை இல்லாமல் ராகத்தை விரிப்பது), தானம் (அதையே துடிப்போடு பாடுவது), கிருதி, நிரவல் (ஒரு வரியையே மாற்றி மாற்றிப் பாடுவது), சுரம் என்று ஒரே ராகத்துக்குள் சுற்றிச் சுற்றி வருவார்கள். பழகிய காதுக்கு அது விருந்து. தோடி என்ற பெயரையே முதல்முறை கேட்கிற பையன் அரைமணி நேரத்தில் நெளிய ஆரம்பிப்பான். அங்கே நெளியவும் முடியாது, எழுந்து போகவும் கூச்சமாக இருக்கும். அவனை இரண்டாவது கச்சேரிக்கு யாரும் அழைத்துப்போக முடியாது.

உங்கள் கூட்டத்தில் சபைத் தோழியும் இருக்கிறாள். கோயில் வழக்கங்கள் ஒட்டிய இடத்தில், வாசலில் வைத்து ஐந்து பேரும் இரண்டாகப் பிரிய நேருமோ என்ற யோசனையே முதல் பயணத்துக்கு வேண்டாம். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி என்பது உங்களுக்கே தெரியும். குதிரமாளிகை முற்றத்தில் அந்தச் சிக்கல் இல்லை. திறந்த வெளி, எல்லோரும் ஒன்றாக உட்காரலாம்.

இதற்காக இந்த நவராத்திரியைச் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. ஊர்வலம் பத்மநாபபுரம் அரண்மனையில் புறப்படும் நாளன்று இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்கும். அதாவது உங்கள் கல்லூரிக்கு எட்டும் தூரத்தில். மாலை வகுப்பு முடிந்து போய்ப் பாருங்கள். 1956 நவம்பரில் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் ஊர்வலம் நிற்கவில்லை. இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செலுத்துகிறது. (அன்றைக்குத் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே பஸ்ஸில் போகிறவர்கள் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பதை எழுத முடியாது.) கச்சேரிகளை ஆகாசவாணி திருவனந்தபுரம் நிலையம் நேரடியாக ஒலிபரப்பும். ஹாஸ்டல் அறையில் ஒரு மாலை போட்டுக் கேளுங்கள். உங்களுக்கு, வர்ணம் வரை வந்தவருக்கு, இரண்டாம் நாள் கல்யாணி அல்லது ஒன்பதாம் நாள் ஆரபி சரியாக இருக்கும்.

இனி, புரியுமா என்ற கேள்வி. இதில்தான் பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்.

வார்த்தை பெரும்பாலும் புரியாது. சுவாதித் திருநாள் 1813-ல் பிறந்து 1846-ல், 33 வயதில் இறந்துபோனவர். அதற்குள் சம்ஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி என்று பல மொழிகளில் நூற்றுக்கணக்கில் எழுதிவிட்டார். பெரும்பங்கு சம்ஸ்கிருதம். ஆனால் மலையாளத்தில் 'பதம்' என்ற வகைப் பாட்டுகள் வரும்போது சென்னையிலிருந்து வந்தவர் முழிப்பார். எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வளர்ந்த உங்களுக்குப் பாதியாவது பிடிபடும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இசை புரிவதற்கு ஒரே ஒரு பாட்டை முன்கூட்டியே கேட்டு வைத்தால் போதும். 'பாவயாமி ரகுராமம்'. ராமாயணத்தின் ஆறு காண்டங்களையும் ஆறு சரணங்களில் சுருக்கிய பாட்டு. முதலில் முழுவதும் சாவேரி ராகத்தில் இருந்தது. திருவனந்தபுரம் இசைக் கல்லூரியில் பல வருஷம் முதல்வராக இருந்த செம்மங்குடி சீனிவாச ஐயர் அதைப் பல ராகங்கள் கோத்த ராகமாலிகையாக அமைத்தார். பல்லவி சாவேரியிலேயே நிற்க, பாலகாண்டம் நாட்டக்குறிஞ்சி, அயோத்தியா காண்டம் தன்யாசி, ஆரண்ய காண்டம் மோகனம், கிஷ்கிந்தா காண்டம் முகாரி, சுந்தர காண்டம் பூர்விகல்யாணி, யுத்த காண்டம் மத்யமாவதி. கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே ராகம் மாறுகிற இடம் காதில் தானாக விழும்.

நான் மாணவர்களுக்குச் சொல்கிற முறை இது: ஆளுக்கு ஒரு ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டுக்காரர்களில் ஒருவருக்கு மோகனம் கொடுங்கள். ஐந்தே சுரம், சினிமாவில் ஏராளமாக வந்த ராகம், சீக்கிரம் பிடிபடும். முகாரியை நீங்கள் எடுங்கள், அது கொஞ்சம் கஷ்டம். ஒரு மாதம், அவரவர் ராகத்தில் வெவ்வேறு பேர் பாடிய ஆலாபனைகளை மட்டும் கேளுங்கள். முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ராகம் வந்துவிட்டால் யார் முதலில் கையைத் தூக்குகிறார் என்று பாருங்கள்.

சபைத் தோழியைக் 'கர்நாடகம் தெரியாதவள்' பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அவளிடம் கீர்த்தனைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். சின்ன வயதிலிருந்து சங்கராபரணமும் காம்போதியும் பாடிக்கொண்டிருப்பாள், பெயர் தெரியாமல். சுருதி சேர்ந்து பாடும் பழக்கமும் அவளுக்குத்தான் இருக்கிறது. கச்சேரியில் உங்களைவிட அவள் ரசித்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

தாளம் எல்லோருக்கும் பொது. ஆதி தாளம் ஒன்றை மட்டும் ரயிலில் போகும்போதே பழகிவிடலாம்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் எங்கெங்கோ போய்விட்டு உங்கள் கையின் கணக்குக்கே திரும்பி வந்து சேரும்போது, டிரம்ஸ் மட்டும் கேட்கும் பையனும் நிமிர்ந்து உட்காருவான். பலர் அந்த நேரத்தில்தான் காபிக்கு எழுந்து போவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாசிக்கிறவருக்கு அது அவமரியாதை. போக வேண்டுமென்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன்பு போகலாம். அதற்காகவே முதல் நாள் பின்வரிசையில், ஓரமாக உட்காருங்கள்.

உடை விஷயம் சுருக்கம். குதிரமாளிகைக்கு ஒழுங்கான எந்த உடையும் போதும். ஜனவரி இரவு, திறந்த முற்றம் என்பதால் ஒரு துப்பட்டாவோ சால்வையோ இருக்கட்டும். அடுத்த வருஷம் நவராத்திரி மண்டபத்துக்குப் போனால் பத்மநாபசுவாமி கோயில் முறையை நினைத்து உடுத்துங்கள்: ஆண்களுக்கு வேட்டி, சட்டையைக் கழற்றவும் தயாராக; பெண்களுக்குச் சேலையோ செட்டு முண்டோ பாவாடை தாவணியோ. உங்களுக்கு இன்னொரு செய்தி: அந்த மண்டபத்தில் பெண் ஒருவர் முதலில் கச்சேரி செய்தது 2006-ல்தான். பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். பாறசாலை, களியக்காவிளை தாண்டினால் அடுத்து வருகிற ஊர். அப்போது அவருக்கு 80 வயது கடந்துவிட்டது.

ஐந்து பேர் போனால் ஐந்து பேரும் கடைசிவரை உட்கார வேண்டும் என்ற சட்டம் போடாதீர்கள். நண்பர்கள் சண்டை போட்டுத் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். அலுத்தவர்கள் சத்தமில்லாமல் எழுந்து ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வரட்டும். சந்திக்கும் இடம் பத்மதீர்த்தத்தைப் பார்த்து நிற்கும் மேத்தன் மணி என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரர் கன்னத்தில் முட்டும் பழைய கடிகாரம் அது. யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். போனை வைத்துப் பாட்டு முழுவதையும் பதிவு செய்துகொண்டிருப்பதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

மதியமே போய்விட்டால் குதிரமாளிகையின் காட்சிக்கூடத்தைப் பார்க்கலாம். இறவாரத்தின் கீழ் வரிசையாகச் செதுக்கிய 122 மரக்குதிரைகள்தான் மாளிகைக்குப் பெயர் தந்தவை. திங்கட்கிழமை மூடியிருக்கும். 'சாலை' என்று பெயருள்ள கடைத்தெரு பக்கத்திலேயே இருக்கிறது. ஆறு மணிக்கு முன்பு வயிற்றை நிரப்பிவிடுங்கள், கச்சேரி இரண்டு மணி நேரத்துக்குமேல் போகும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது முன்பகுதியைப் பாருங்கள்: 6, 7, 8 தேதிகளில் ஒன்று. சபரிமலை மகரவிளக்கு 14-ஆம் தேதியை ஒட்டி வருவதால், நாள் நெருங்க நெருங்க ரயிலிலும் தம்பானூர் பஸ் நிலையத்திலும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் ஏறிக்கொண்டே போகும். யார் என்றைக்குப் பாடுகிறார் என்பது அந்தந்த வருஷம் வெளியாகும். பெயரைப் பார்த்து நாளை முடிவு செய்வதைவிட உங்கள் செமஸ்டர் தேர்வைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முந்தின நாள் இரவு கேரளச் செய்தியில் ஹர்த்தால் அறிவிப்பு ஏதும் உண்டா என்றும் ஒரு பார்வை.

போகும்போது குழித்துறையில் ரயில் ஏறலாம், மலிவு. திரும்பும்போது ரயிலை நம்பித் திட்டமிட வேண்டாம். நல்ல கச்சேரி குறித்த நேரத்தில் முடியாது, கடைசிப் பாட்டின்போது மணியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். கிழக்கேகோட்டையில் இருந்து தம்பானூர் பஸ் நிலையம் கால் மணி நேர நடை. அங்கே நாகர்கோவில் பஸ்ஸில் நேராக ஏறி மார்த்தாண்டத்தில் இறங்குங்கள். களியக்காவிளை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று மாறிப் போவது பகலுக்குச் சரி. ராத்திரி பத்து மணிக்கு வேண்டாம்.

மார்த்தாண்டத்தில் இறங்கிய பிறகுதான் உண்மையான சிரமம், உள்ளூர் பஸ் நின்றிருக்கும். யார் வீட்டில் இருந்து யார் வண்டியோடு வருவார், மூன்று பெண்களும் ஒரே வீட்டில் தங்கிக் காலையில் போகலாமா என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். வீட்டில் அனுமதி கேட்கும்போது 'சங்கீத விழா' என்று மட்டும் சொன்னால் மேடையும் லைட்டும் ஆட்டமுமாகக் கற்பனை செய்துகொள்வார்கள். இடம், முடியும் நேரம், திரும்பும் பஸ், கூட்டிப்போக வருகிறவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுங்கள்.