மண்ணும் நீரும் படிக்க வருகிறவர்களுக்கு: டெல்டா வாசகர்களின் கேள்விகள்

பிளஸ் டூ முடிவுகளுக்குப் பிறகு வந்த கேள்விகளோடு, வயலில் நிற்கிறவர்கள் அனுப்பியவற்றையும் சேர்த்தே எடுத்திருக்கிறேன். இரண்டையும் பிரித்தால் இந்தப் படிப்பே புரியாது.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மண், நீர் பற்றிப் படிக்க எந்தப் படிப்பில் சேர்ப்பது? (மன்னார்குடி)

இளநிலையில் பொதுவான வேளாண்மை அல்லது வேளாண் பொறியியல்தான் வாசல். மண்ணும் நீரும் தனித்துறையாக விரிவது முதுநிலையில். உயிரியல் படித்திருந்தால் நான்கு ஆண்டு பி.எஸ்சி. வேளாண்மை, பிறகு எம்.எஸ்சி. மண்ணியல் மற்றும் வேளாண் வேதியியல். கணிதம் படித்திருந்தால் குமுளூரில் பி.டெக். வேளாண் பொறியியல், பிறகு எம்.டெக்.கில் மண், நீர்ப் பாதுகாப்பு. செடியைப் பார்க்கப் பிடிக்குமா, மதகையும் வாய்க்காலையும் பார்க்கப் பிடிக்குமா என்று மகளிடமே கேளுங்கள், பாதை தெரிந்துவிடும்.

பக்கத்திலேயே திருச்சி நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரி இருக்கிறது. களர் நிலத்தில், அதாவது சோடியம் மிகுந்த மண்ணில், அமைந்த கல்லூரி அது. களரைத் தாங்கும் டிஆர்ஒய் நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். பிரச்சினை மண்ணை மாணவர்கள் தினமும் மிதித்துக்கொண்டே படிப்பதை நான் பெரிய வாய்ப்பாக நினைக்கிறேன்.

வேதியியல் எனக்கு வராது. மண்ணியல் எடுக்கலாமா? (பாபநாசம்)

பிடிக்காமல் வரவில்லை என்றால் வேண்டாம் தம்பி, மண்ணியலில் பெரும்பகுதி வேதியியல்தான். பயத்தால் வரவில்லை என்றால் தாராளமாக எடுங்கள். ஆய்வகத்தில் கை பழகினால் பயம் போய்விடும்.

எங்கள் நிலத்தில் கோடையில் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கிறது. நல்ல மழை பெய்தால் பயிர் தேறிவிடுகிறது. கடைக்காரர் ஜிப்சம் போடச் சொல்கிறார். வேளாண் கல்லூரியில் படிக்கும் மகள் வேண்டாம் என்கிறாள். யார் சொல்வது சரி? (தலைஞாயிறு)

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் மகள் சொல்வதுதான் சரி, ஐயா. இது உவர் நிலத்தின் குணம். உப்பு மண்ணிலுள்ள நீரில் கரைந்து நிற்கிறது. நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் போய்விடும். இதில் ஜிப்சம் போட்டால் காசுதான் வீண். களர் நிலம் வேறு. அங்கே சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வெறும் தண்ணீரால் அலசினால் விடாது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் அதை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அப்புறம்தான் அலச வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போட்டுக் கலக்காமல் விடுங்கள். களர் மண் என்றால் கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் பரவும், மறுநாளும் தெளியாது. உவர் மண் என்றால் கட்டி உடைந்து அடியில் படிந்தாலும் மேலே தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.

இது ஒரு குறிப்புதான், முடிவை ஆய்வகம் சொல்லட்டும். கார அமில நிலை (pH) 8.5க்கு மேல், ஒட்டியிருக்கும் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்றால் களர். கரைந்த உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் என்றால் உவர். மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: பாடத்திலுள்ள இந்த 4, மண்ணைக் குழம்பாக்கி எடுத்த சாற்றுக்கான அளவு. பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளக்கின்றன. அப்போது அதே மண் குறைந்த எண்ணைக் காட்டும். அதை 4 உடன் ஒப்பிட்டு நிலம் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது.

கடல்நீர் ஏறிய நிலத்தில் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கலாம். உப்பு வடிந்த பிறகு மண் இறுகினால் கடைக்காரர் சொல்லும் ஜிப்சத்துக்கு அப்போது வேலை வரும். எப்படியானாலும் வடிகால் தூர்ந்து கிடந்தால் எதுவும் உதவாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் வரப்பை உயர்த்திக் கட்டி, வடிகாலை வெட்டி வையுங்கள். டெல்டாவில் தண்ணீர் வருவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு அது வெளியேறுவதைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

முதுநிலை ஆய்வுக்கு டெல்டா மண்ணை எடுக்கிறேன். மாதிரி எங்கே, எப்போது எடுப்பது? (ஒரத்தநாடு)

உங்கள் ஊர்ப் பக்கமே நல்ல களம். பழைய டெல்டாவில் கோடையில் வெடிக்கும் களத்தூர் வகைக் களிமண். 1934இல் மேட்டூர் அணையோடு பாசனம் பெற்ற கல்லணைக் கால்வாய்ப் பகுதியில் மதுக்கூர் வகைச் செம்மண். இரண்டுக்கும் ஒரே உர அளவைச் சொல்வது சரியா என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி.

தண்ணீர் திறப்பதற்கு முன், ஒரே வாய்க்காலில் தலைமடையிலிருந்து கடைமடை வரை எடுங்கள். வயலுக்குப் பத்துப் பதினைந்து இடம், 15 சென்டிமீட்டர் ஆழம், ஆங்கில ‘வி’ வடிவக் குழி. வரப்போரம், எருக்குவியல், மரநிழல் வேண்டாம்.

ஆனால் நீர் நிற்கும் வயலின் இரும்பு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால் உலர்த்திய மாதிரி போதாது. நீருக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசையாக மாறுகின்றன. இரும்பு கரையும்போது அதோடு கட்டுண்ட மணிச்சத்தும் விடுபடுகிறது. மண்ணை உலர்த்தினால் இந்த மாற்றமெல்லாம் திரும்பிவிடும். ஈர மண்ணைக் காற்றுப் படாமல் கொண்டுவந்து அளக்க வேண்டும். சிரமமான வேலைதான், அதனாலேயே பலரும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

வயலில் நீர்மட்டக் குழாய் புதைத்தும் தண்ணீர் இறங்கவே இல்லை. ஏன்? (வலங்கைமான்)

மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கப் புதைக்கும் துளையிட்ட குழாய் இது. அதற்குள் இருக்கும் மண்ணை அள்ளி எடுத்தீர்களா? பலரும் மறப்பது இதைத்தான். எடுத்த பிறகும் இறங்கவில்லை என்றால் மேல்வயல் கசிவு வருகிறது, உங்களுக்கு இப்போது தண்ணீர் பாய்ச்சும் அவசியம் இல்லை. இறங்கும் வயலில் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே போனதும் பாய்ச்சுங்கள். களியில் வெடிப்பு விழும்வரை காயவிட வேண்டாம், அடுத்த தண்ணீர் வெடிப்பு வழியே ஓடிவிடும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும்.

வேலை கிடைக்குமா? (சீர்காழி)

வேளாண்மை படித்தால் டிஎன்பிஎஸ்சி வழியே வேளாண்மை அலுவலர், பொறியியல் என்றால் வேளாண் பொறியியல் துறை. ஆராய்ச்சிக்கு, வேளாண் விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கும் மத்திய வாரியமான ஏஎஸ்ஆர்பியின் தேர்வு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் நிலத்தடி நீர் ஆய்வாளராக யூபிஎஸ்சி தனித்தேர்வு உண்டு, ஆனால் அதற்குப் புவியியல் அல்ல, நிலவியல் முதுநிலை வேண்டும். பி.எஸ்சி. வேளாண்மை முடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்புவது கடினம். அந்த வேலைதான் கனவு என்றால் இளநிலையிலேயே நிலவியலில் சேருங்கள்.