டெக் லீடிலிருந்து வி.பி. வரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: 11 வருட அனுபவம், டெக் லீடாக (டீமின் தொழில்நுட்பப் பொறுப்பாளராக) இருக்கிறேன். மேனேஜர் ஆகச் சொல்கிறார்கள். கோடிங்கை விட்டால் பிறகு வேறு வேலையே கிடைக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எனக்கோ வி.பி. இன்ஜினீயரிங் (இன்ஜினீயரிங் பிரிவின் துணைத் தலைவர்) ஆக ஆசை. ஒப்புக்கொள்ளலாமா?
- வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: வி.பி. ஆக வேண்டுமானால் மேனேஜர் படியில் கால் வைத்தே ஆக வேண்டும். ஆனால் தலையாட்டும் முன் கேளுங்கள்: எத்தனை பேர் உங்களுக்கு ரிப்போர்ட் செய்வார்கள், ரேட்டிங்கும் இன்க்ரிமென்ட்டும் உங்கள் கையில் இருக்குமா, ஆள் எடுக்கும் அதிகாரம் உண்டா? மழுப்பினால், டெக் லீட் வேலையோடு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டையும் உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

முதல் டீமுக்கு 6 முதல் 8 பேர் போதும். ஆளுக்கு வாரம் 30 நிமிடம் தனியாகப் பேசினால் 8 பேருக்கு 4 மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் ஜிரா டிக்கெட் (வேலைப் பட்டியல்) நிலவரம் கேட்காதீர்கள்; அது ஸ்டாண்ட்அப் என்கிற தினசரிக் குறுங்கூட்டத்தில் வந்துவிடும். புது மேனேஜர்கள் பெரும்பாலும் சறுக்குவது, சிக்கலான ‘பக்’கை (மென்பொருள் பிழையை) தாங்களே ராத்திரி உட்கார்ந்து சரிசெய்வதில்தான். ரிலீஸ் தப்பிக்கும். ஆனால் அந்த மாட்யூல் டீமில் வேறு யாருக்கும் புரியாது. அடுத்த முறையும் போன் உங்களுக்கே வரும். கோடிங்கை அடியோடு விட வேண்டியதில்லை. டெட்லைன் தொங்காத சின்ன வேலைகளை எடுங்கள். டிசைன் ரிவ்யூவை மட்டும் விடாதீர்கள்.

இதைவிடக் கடினமானது மேனேஜரிலிருந்து டைரக்டர் ஆவது. அங்கே உங்களுக்குக் கீழே இருப்பவர்களும் மேனேஜர்கள்; கூடவே பட்ஜெட்டும் வரும். இப்போதே உங்கள் டீமின் கிளவுட் பில்லை (வாடகை சர்வர்களின் கட்டணத்தை) கேட்டு வாங்கி வரிவரியாகப் பாருங்கள். டெஸ்ட் சர்வர்கள் வாரம் முழுக்க, அதாவது 168 மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வார நாட்களில் தினம் 12 மணி நேரம் மட்டும் ஓடவிட்டால் 60 மணி நேரம்தான். ஓடும் நேரத்துக்கான கட்டணத்தில் ஏறக்குறைய 64 சதவீதம் மிச்சம். ஃபைனான்ஸ்காரர்களிடம் இந்தக் கணக்கோடு போனால் காது கொடுப்பார்கள். ‘டெக்னிக்கல் டெட்’ (அவசரத்தில் எழுதிய கோடைப் பிறகு சரிசெய்ய வேண்டிய பாக்கி) என்று போனால் கொட்டாவி விடுவார்கள்.

கேள்வி: 25 பேர் உள்ள ஸ்டார்ட்அப் ஒன்று ‘டைரக்டர்’ பதவி தருகிறது. சம்பளம் குறைவு, ஈசாப் (கம்பெனிப் பங்குகளைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை) உண்டு. போகலாமா?
- வாசகி, கோவை

பதில்: 25 பேர் கம்பெனியின் டைரக்டரைப் பெரிய கம்பெனிகள் மேனேஜராகத்தான் எடுப்பார்கள். பதவிப் பெயருக்காகப் போகாதீர்கள். ஈசாப் பொதுவாக 4 வருடத்தில் முழுமையாகக் கைக்கு வரும். முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது. கம்பெனியின் மொத்தப் பங்குகள் எத்தனை, உங்களுக்கு என்ன விலை, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பலரும் அடிபடுவது வரியில்தான். உங்களுக்கு 10 ரூபாய் விலை, வாங்கும் அன்று சந்தை மதிப்பு 500 ரூபாய், பங்குகள் 2,000 என்றால், 9.8 லட்சம் சம்பள வருமானத்தில் சேரும். 30 சதவீத வரம்பில் 2.94 லட்சம் வரி, மேலே செஸ். பங்கை இன்னும் விற்றிருக்கவே மாட்டீர்கள்! தகுதி பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் மட்டும் இந்த வரியைத் தள்ளிப்போடலாம். உங்கள் கம்பெனி அதில் வருமா என்று கேளுங்கள்.

கேள்வி: மேனேஜராகி 6 வருடம். டெக்னிக்கல் வேலைக்குத் திரும்பினால் பதவி இறக்கமா?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை. ஸ்ரீதர் வேம்புவே 2025 ஜனவரியில் சோஹோவின் சி.இ.ஓ. பொறுப்பை விட்டுத் தலைமை விஞ்ஞானி ஆனார். அவர் நிறுவனர், நம் கதை வேறுதான். ஆனாலும் ஸ்டாஃப் இன்ஜினீயர், பிரின்சிபல் இன்ஜினீயர் என்கிற மூத்த டெக்னிக்கல் பதவிகள் பல கம்பெனிகளில் மேனேஜர், டைரக்டருக்குச் சமமான சம்பள வரிசையில் இருக்கின்றன. ரெஸ்யூமேயில் டீம் எண்ணிக்கையைக் கீழே தள்ளி, நீங்கள் எடுத்த டிசைன் முடிவுகளை மேலே போடுங்கள்.