ஜோகன்னஸ்பர்க் குளிரும் இட்லி மாவும்

வணக்கம் சகோதரி. மதுரையிலிருந்து இங்கே வந்து மூன்று மாதமாகியும் மாவு புளிக்கவில்லை, பருப்பு வேகவில்லை, பிள்ளைகள் ரொட்டியைக் கடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் குழையாது. குக்கரில் வையுங்கள், ஊரில் வைத்ததைவிட இரண்டு விசில் கூடுதலாக.

மாவுக்கு இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலைதான் எதிரி. அரைத்ததும் கையாலேயே நன்றாகக் கலக்கி, ஓவனுக்குள் வைத்து, விளக்கை மட்டும் எரியவிடுவேன். விடிந்து கதவைத் திறந்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த வாசனைக்கே என் சின்னவள் தட்டோடு வந்துவிடுவாள்.

பிள்ளைகளை அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். முதல் தோசையை அவர்களே ஊற்றட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். கோணலாக வந்தாலும், தாங்கள் ஊற்றியதை மிச்சம் வைக்க மாட்டார்கள். என் வீட்டில் இரவுச் சாப்பாட்டை ஆறரை மணிக்கு மாற்றிய பிறகுதான் நால்வரும் ஒன்றாக உட்கார முடிந்தது.

இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் சுகர் பீன்ஸை, அதாவது புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ் விதையை, இரவே ஊறவைத்துக் குழம்பு வைத்துப் பாருங்கள். நன்றாக வெந்த பிறகே புளி விடுங்கள், முன்பே விட்டால் வேகாது. டர்பன் பக்கம் போனால் மதும்பி வாங்குங்கள். அது நம் சேப்பங்கிழங்கேதான்.

அரிசிக்கு எவ்வளவு உளுந்து போடுகிறீர்கள்? அதையும் எழுதுங்கள்.